நியூயார்க் டு சிங்கப்பூர்: ஒரே மூச்சுல போறதா, நடுவுல இறங்கி ஏறுறதா?

ரெண்டு ஊருக்கும் நடுவுல ஆகாய தூரம் சுமார் 15,350 கிமீ. பூமியில எந்த ரெண்டு இடத்துக்கும் அதிகபட்ச தூரமே 20,000 தான், அப்ப இது முக்கால்வாசிக்கு மேல.

நான்ஸ்டாப்னா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (ரொம்ப நீண்ட தூரத்துக்குன்னே செஞ்ச) விமானம், கிட்டத்தட்ட பத்தொன்பது மணி நேரம் சீட்லயே இருக்கணும். இதுல பலருக்குத் தெரியாத விஷயம், எகானமியே கிடையாது, மொத்தமே 161 சீட்டு, 67 பிசினஸ், மீதி 94 பிரீமியம் எகானமி, அதாவது சாதா எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுத்தரம். ஏன்னா எரிபொருள் டேங்க்லயே 1,65,000 லிட்டர் பிடிக்கும், அந்த எரிபொருளைத் தூக்கிட்டுப் போகவே கொஞ்சம் எரிபொருள் செலவாகும், அதனால ஆளைக் குறைச்சாத்தான் கட்டுப்படியாகும். 2004-லயே ஏ340-500 வச்சு பக்கத்து நியூவார்க்குக்கு விட்டாங்க, நாலு இன்ஜின் குடிச்ச எண்ணெய்க்குத் தாங்காம 2013-ல நிறுத்திட்டு, ரெண்டு இன்ஜின் விமானம் வந்த பிறகு 2018-ல திரும்ப ஆரம்பிச்சாங்க.

அடுத்தது ஃப்ராங்க்பர்ட் வழி, அதே கம்பெனி. இதை "டைரக்ட்"னு சொல்லுவாங்க, ஏமாந்துடாதீங்க, டைரக்ட்னா ஃப்ளைட் நம்பர் மாறாதுன்னு மட்டும்தான் அர்த்தம், நடுவுல நிக்கும். தூரம் சுமார் 16,500 கிமீ, மொத்தம் 22 மணி நேரம் பக்கம். எகானமி உண்டு. ஆனா ஏழு மணி நேரத்துல, அரைத் தூக்கத்துல எழுப்பி இறக்கி விட்டா அதுக்கப்புறம் எங்க தூங்குறது?

துபாய் வழி 16,900 கிட்ட வரும். கனெக்‌ஷன் நல்லா அமைஞ்சா ஓகே, ராத்திரி ஆறு மணி நேரம் உக்கார வச்சாங்கன்னா நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

என் ஓட்டு டோக்கியோவுக்கு. 16,200 கிமீ தான், நான் சொன்ன மூணு நிறுத்தி போற வழிகள்ல இதுதான் குறைச்சல், முதல்ல 14 மணி நேரம், இறங்கி காலை நீட்டி நடந்துட்டு அப்புறம் ஒரு 7 மணி நேரம். முதுகு வலி உள்ளவங்களுக்கும் குழந்தைங்களோட போறவங்களுக்கும் இதுதான் சரி. ஆபீஸ் காசுல தனியா போறீங்கன்னா மட்டும் கண்ணை மூடிட்டு நான்ஸ்டாப் போடுங்க.

இன்னொண்ணு, நியூயார்க் நேரத்தை விட சிங்கப்பூர் நேரம், நியூயார்க் கோடைல 12 மணி நேரம், குளிர்காலத்துல 13 மணி நேரம் முன்னாடி. கோடைல வெள்ளி ராத்திரி 10 மணிக்கு நான்ஸ்டாப்ல ஏறினா ஞாயிறு விடியக்காலை அஞ்சு மணிக்குப் பக்கம் இறங்குவீங்க, சனிக்கிழமை மொத்தமும் வானத்துலயே காலி. அதே வெள்ளி காலை 11 மணிக்குக் கிளம்பி டோக்கியோல ரெண்டு மணி நேரம் நின்னு போனாக்கூட சனி ராத்திரி பத்து மணிக்கு சிங்கப்பூர், நேரா படுக்கைக்குப் போயிடலாம்.