ரீவைண்டிங் கடையில் ஃபெம்: மோட்டார் இரும்புக்குள் எட்டிப் பார்க்க ஓர் இலவச மென்பொருள்

தண்டையார்பேட்டையில் இருக்கும் அப்பாவின் ரீவைண்டிங் (எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும்) கடையில், காயில் சுற்றும் மெஷினுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பழைய லேப்டாப்பும் இருக்கிறது. அதில் ஓடுவது ஃபெம் (FEMM) 4.2. டேவிட் மீக்கர் என்பவர் எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கும் மென்பொருள். மோட்டார், டிரான்ஸ்பார்மர், சோலினாய்டு எதுவானாலும் குறுக்குவெட்டை வரைந்து, எது இரும்பு, எது செம்பு, எது காற்று என்று சொல்லிவிட்டால் உள்ளே காந்தப்புலம் எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டும். ரீவைண்டிங் தொழிலில் இருப்பவர்களும் எலெக்ட்ரிக்கல் படிக்கும் பிள்ளைகளும் இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வேலையில் கம்பி கண்ணுக்குத் தெரியும். டர்ன்ஸ் (சுற்றுகள்) எண்ணலாம், கேஜ் (கம்பியின் தடிமன்) பார்க்கலாம், மெகர் மீட்டர் வைத்து இன்சுலேஷன் சோதிக்கலாம். இரும்புக்குள் நடப்பதைப் பார்க்கத்தான் வழியில்லை. சில மோட்டார்கள் திரும்பத் திரும்ப எரிவதற்கு அங்கே நடக்கும் கோளாறும் காரணமாக இருக்கலாம்.

காசிமேட்டிலிருந்து ஐஸ் உடைக்கும் மெஷினின் மோட்டார் ஒன்று வந்தது. 5 எச்.பி., 4 போல் (காந்தத் துருவம்), 36 ஸ்லாட் (கம்பி இறங்கும் பள்ளம்), டெல்டா (மூன்று ஃபேஸையும் முக்கோணமாக இணைப்பது). வேறு இடத்தில் வைண்டிங் செய்தது. ஓடியது, ஆனால் லோடு இல்லாமலே பாடியில் கை வைக்க முடியவில்லை. டாங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர்) நோ-லோடு கரண்ட் 5 ஆம்பியரைத் தாண்டியது. அந்த அளவு மோட்டாருக்கு மூன்றரை பக்கம் இருந்தால் சரி. பிரித்து எண்ணினோம். அதே கம்பெனி, அதே ஃபிரேம் மோட்டாரின் விவரம் அப்பாவின் நோட்டில் இருந்தது. ஒப்பிட்டால் ஒவ்வொரு காயிலிலும் பத்தில் ஒரு பங்கு டர்ன்ஸ் குறைவு. தடித்த கம்பி போட்டு, ஸ்லாட்டில் இடம் போதாமல் குறைத்திருக்கிறார்கள்.

டர்ன்ஸ் குறைந்தால் ஃப்ளக்ஸ் (காந்தப் பாய்வு) கூடும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எவ்வளவு கூடும், அது எங்கே போய் முட்டும் என்பதைத்தான் ஃபெம்மில் பார்த்தேன். ஸ்டாம்பிங்கை (மோட்டாருக்குள் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடு) வெர்னியரால் அளந்து வரைந்தேன். முழு வட்டமும் தேவையில்லை. ஒரு போலுக்கு 9 ஸ்லாட், இரண்டு ஓரத்திலும் ஆன்டி-பீரியாடிக் எல்லை (அடுத்த போலில் இதே புலம் எதிர்த்திசையில் வரும் என்று சொல்வது) கொடுத்தால் கால்வாசி போதும். நோ-லோடில் ரோட்டார் பாரில் (சுழலும் பகுதியில் இருக்கும் உலோகக் கம்பி) கரண்ட் கிட்டத்தட்ட இல்லை என்பதால் ஃப்ரீக்வென்சியைப் பூஜ்ஜியமாக வைத்தேன். ஏ ஃபேஸில் உச்ச கரண்ட், மற்ற இரண்டிலும் எதிர்ப்பக்கமாக அதில் பாதி.

புதிதாக வருபவர்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. ஃபெம் கேட்பது கரண்ட். நம் லைனில் வருவது வோல்ட்டேஜ். கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு ஃபேஸின் ஃப்ளக்ஸ் லிங்கேஜ் (அதன் எல்லாச் சுற்றுகளோடும் பிணையும் மொத்த ஃப்ளக்ஸ்) லைன் வோல்ட்டேஜுக்கு ஈடாகும் வரை கொண்டுபோக வேண்டும். 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், டெல்டா என்றால் உச்ச மதிப்பு கிட்டத்தட்ட 1.87 வெபர்-டர்ன்ஸ். கால்வாசிதான் வரைந்திருப்பதால், காயில் குரூப் எல்லாம் சீரிஸில் இருந்தால், சர்க்யூட் பெட்டியில் வரும் எண்ணை நாலால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

நோட்டில் இருந்த டர்ன்ஸோடு ஓட்டினால் ஸ்டேட்டர் (சுழலாத வெளிப்பகுதி) பற்களில், அதாவது இரண்டு ஸ்லாட்டுக்கு நடுவே நிற்கும் இரும்பில், 1.65 டெஸ்லா பக்கம் வந்தது. குறைத்த டர்ன்ஸோடு ஓட்டினால் 1.8ஐத் தாண்டியது. பல்லெல்லாம் ரோஸ் நிறம். ஃபெம்மில் அதுதான் உச்சம், குறைந்தது வெளிர்நீலம். ஃப்ளக்ஸ் பத்து சொச்சம் சதவீதம்தான் கூடியிருக்கிறது, கரண்டோ ஒன்றரை மடங்கு கேட்கிறது. அந்த நிலையில் இரும்பு நிரம்பிவிடுகிறது, அதற்கு மேல் ஒவ்வொரு கொஞ்சத்துக்கும் கரண்டைக் கொட்ட வேண்டியிருக்கிறது. டாங் டெஸ்டர் காட்டியதும் அதையேதான்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "இன்னாம்மா, பல்லு மட்டும் இப்டி கீது? அப்போ சூடு அங்கருந்துதான் வருதா?" ஆமாம்பா என்றேன். பழைய கேஜில், பழைய டர்ன்ஸில் கட்டிக் கொடுத்தோம். இப்போது டர்ன்ஸை மாற்றச் சொல்லி யார் கேட்டாலும் அவரே "மொதல்ல அதுல போட்டுப் பாரு" என்கிறார்.

வரைவது பழகக் கொஞ்ச நாள் ஆகும். இடது கிளிக்கில் புள்ளி வைக்கும், வலது கிளிக்கில் தேர்ந்தெடுக்கும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விவரப் பெட்டி திறக்கும். டேப் தட்டினால் ஆயத்தொலைவை எண்ணாகவே கொடுக்கலாம். மூடிய ஒவ்வொரு பகுதிக்கும் இது என்ன பொருள் என்று சொல்லியாக வேண்டும். ஒன்று விட்டாலும் ஓடாது. ஆட்டோகேட் தெரிந்தவர்கள் அங்கே வரைந்து டி.எக்ஸ்.எஃப். ஃபைலாகக் கொண்டுவரலாம், எனக்கு அதுதான் வசதி. ஏர் கேப்பில் (ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளி) மட்டும் பொறுமை வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இடத்தில் கணக்குக்காக ஃபெம் போடும் முக்கோண வலை (மெஷ்) ஒரே அடுக்காக விழுந்தால் டார்க் (சுழற்றும் விசை) கணக்கு நம்பும்படி வராது. மூன்று அடுக்காவது வரும்படி மெஷ் அளவைக் கையால் குறையுங்கள். அப்படிச் செய்தும் எங்கள் பழைய லேப்டாப்பில் சில வினாடிகளில் விடை வந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. ஃபெம் இரு பரிமாணம் மட்டும்தான். ஸ்லாட்டுக்கு வெளியே வளைந்து நிற்கும் ஓவர்ஹாங் கம்பி அதற்குத் தெரியாது; அதன் ரெசிஸ்டன்ஸை நாமே சேர்க்க வேண்டும். ரோட்டார் பார் சாய்ந்திருப்பதும் தெரியாது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரண்ட் எப்படிப் பாய்ந்து அடங்குகிறது என்று பார்க்க முடியாது. லோடில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாரைப் பார்க்க, ரோட்டார் உணரும் ஸ்லிப் (சுழலும் புலத்தைவிட ரோட்டார் பின்தங்கும் அளவு) ஃப்ரீக்வென்சியைக் கொடுத்து ஓட்டலாம். 4 சதவீத ஸ்லிப் என்றால் 2 ஹெர்ட்ஸ். நல்ல வழிதான், ஆனால் இழுத்துப் பிடித்துச் செய்யும் வழி.

எனக்குப் பெரிய கவலை வேறு. மென்பொருள் இரும்பைப் புதிதாகவே நினைக்கிறது. நம் பக்கம் பழைய வைண்டிங்கை நெருப்பு வைத்து எரித்து உருவும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தச் சூட்டில் ஸ்டாம்பிங்குகளுக்கு நடுவே இருக்கும் பூச்சு கருகி, ஒன்றோடொன்று ஒட்டி, எடி கரண்ட் (இரும்புக்குள்ளேயே சுழன்று அதைச் சூடாக்கும் கரண்ட்) கூடிவிடும். படத்தில் எல்லாம் சரியாகத் தெரியும், மோட்டார் மட்டும் சுடும். கோர் டெஸ்ட் (இரும்பை மட்டும் தனியாகச் சோதிப்பது) செய்யாமல் ஃபெம் படத்தை மட்டும் நம்பிக் கம்பி இறக்காதீர்கள்.

முப்பரிமாணமும் நேரத்தோடு மாறும் கணக்கும் வேண்டுமென்றால் ஆன்சிஸ் மேக்ஸ்வெல், ஜேமேக் போன்றவை உண்டு. வடிவமைப்புக் கம்பெனிகளுக்கு அவை தேவை. ரீவைண்டிங் கடைக்குக் கட்டுப்படியாகாது. பின்லாந்திலிருந்து வரும் எல்மர் இலவசம்தான், முப்பரிமாணமும் செய்யும், ஆனால் கற்றுக்கொள்ள இன்னும் அதிகம் மெனக்கெட வேண்டும். ஃபெம்மில் லுவா மொழியில் ஸ்கிரிப்ட் எழுதலாம், பைத்தானிலிருந்தும் இயக்கலாம். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) ஃபேன் மோட்டாரின் ரோட்டாரை ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பி டார்க் வரைபடம் எடுக்கும் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

தொடங்குகிறவர்கள் நேராக மோட்டாருக்குப் போக வேண்டாம். இரும்பே இல்லாத ஒரு நீளமான காயிலை வரைந்து, நடுவில் வரும் புலத்தைச் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு உள்ளே ஒரு இரும்புத் துண்டைச் சொருகுங்கள். ஸ்லாட் வரைவதெல்லாம் அதற்கு அப்புறம்.