டிடிசிபி மனை, வரன்முறை மனை, பஞ்சாயத்து மனை: விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் ஒன்றரை வருடமாக மனை தேடுகிறார்கள். திருச்சிக்கு வெளியே ஒரே சாலையில் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு, எதை எடுப்பது என்று என்னிடம் கேட்டார்கள். முதல் இடம், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (எல்லோரும் டிடிசிபி என்றுதான் சொல்கிறோம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு (லேஅவுட்). இரண்டாவது, அங்கீகாரமில்லாமல் போடப்பட்டுப் பின்னால் வரன்முறைப்படுத்தப்பட்டது, அதாவது கட்டணம் கட்டிச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. மூன்றாவது இடத்தில் தரகர், "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார், பிரசிடெண்ட் கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கு" என்றார். சதுர அடிக்கு அவர் சொன்ன விலை, முதல் இடத்தின் விலையில் முக்கால் பங்குதான்.

அந்தக் கால் பங்கு எங்கே போனது? இதைக் கேட்காமல் மூன்றையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஐந்து ஏக்கர், அதாவது 500 சென்ட் நிலத்தை எடுத்துக்கொள்வோம். முறையான மனைப்பிரிவில் சாலைக்கு 150 சென்ட் போகிறது என்று வைத்தால் மிச்சம் 350. அதில் 10 சதவீதம், 35 சென்ட், பூங்கா, விளையாட்டிடம் போன்ற திறந்தவெளிக்கு. நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், இந்த இடத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆகவேண்டும். பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. அப்புறம் பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு சதவீதம், மூன்றரை சென்ட். அதில் பாதி உள்ளாட்சிக்கு, பாதி மின்வாரியத்துக்கு. விற்க மிஞ்சுவது 311 சென்ட் சொச்சம்.

பஞ்சாயத்து மனை போடுகிறவர் என்ன செய்கிறார்? குறுகலான தெருக்களுக்கு 80 சென்ட் விட்டுவிட்டு மிச்சம் 420 சென்டையும் மனையாக விற்கிறார். நிலத்துக்கு இருவரும் கொடுத்த விலை ஒன்றுதான். 311ஐ 420ஆல் வகுத்தால் ஏறக்குறைய முக்கால் வருகிறது. தரகர் சொன்ன மலிவு யாரும் போட்ட தள்ளுபடி இல்லை. உங்கள் பிள்ளை விளையாட வேண்டிய இடமும், தெருவின் பாதி அகலமும், டிரான்ஸ்ஃபார்மர் நிற்க வேண்டிய இடமும் இன்னொருவருக்கு மனையாக விற்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்குதான் குறைந்த விலையாக உங்களிடம் வருகிறது.

அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். மனைப்பிரிவுக்கு இறுதி உத்தரவு கொடுப்பது உள்ளாட்சிதான், அது உண்மை. ஆனால் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நகர் ஊரமைப்புத் துறை வரைபடத்தைப் பார்த்துத் தொழில்நுட்ப ஒப்புதல் தந்த பிறகே உள்ளாட்சி அதைக் கொடுக்க முடியும். தலைவரின் கையெழுத்து கடைசிப் படி. முந்தைய படி இல்லாமல் அது மட்டும் இருந்தால் அந்தக் காகிதத்துக்கு அங்கீகாரம் என்ற பெயர் பொருந்தாது.

2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டபோது இந்த வித்தியாசம் பல குடும்பங்களுக்கு வலிக்க வலிக்கப் புரிந்தது. மகள் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்ட மனையை அந்த மாதங்களில் விற்க முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். பிறகு பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் வழி வந்தது. ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவான மனை என்றால் மறுபடி பதியலாம். தரகர்கள் "பதிவு ஆகும் சார்" என்று சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் பதிவாகிற மனை எல்லாம் வீடு கட்ட அனுமதி கிடைக்கிற மனை ஆகிவிடாது.

மின்சாரத்துக்கு வருவோம். வீட்டுக்கு இணைப்பு எப்படியாவது வந்துவிடும் என்று நினைக்கிறோம். என் பெரியப்பா மகன் இப்படி ஒரு பஞ்சாயத்து மனைப்பிரிவில்தான் வீடு கட்டினார். முதல் பத்து வீடு இருந்தவரை பிரச்சினை இல்லை. வீடுகள் பெருகியபின் சாயங்காலமானால் மோட்டார் தண்ணீர் இழுக்காது, ஃப்ரிட்ஜ் உறுமும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பி நீளநீள, அதில் வீடுகள் கூடக்கூட, கடைசி வீட்டில் மின்னழுத்தம் குறையத்தான் செய்யும். புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மனு கொடுத்தார்கள். வைக்க இடம் காட்டுங்கள் என்று பதில் வந்தது. பதினைந்து அடித் தெருவில் எங்கே காட்டுவது? யார் வீட்டு வாசலில் வைப்பது என்று அக்கம்பக்கத்தில் சண்டை வந்ததுதான் மிச்சம். அங்கீகார மனைப்பிரிவில் மின்வாரியத்துக்கு என்று எழுதி வைக்கிற அந்த ஒன்றே முக்கால் சென்டின் அருமை அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பள்ளி விஷயத்தில் மட்டும் டிடிசிபி மனையை நான் முழுதாகப் புகழமாட்டேன். பூங்கா இடத்தைப்போலப் பள்ளிக்கும் கட்டாயம் தானம் எழுதவேண்டும் என்று இல்லை. விளம்பரத் தாளில் 'பள்ளி வளாகம்' என்று பச்சையடித்த கட்டம் பல இடங்களில் மனை போட்டவர் கையிலேயே இருக்கும். அரசின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) பள்ளிக்கென ஒதுக்கிய நிலம்கூட, மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தாவிட்டால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி விடுபட்டுவிடும். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள் என்று கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்கின்றன. அதனால் வரைபடத்தை நம்பாமல், இன்று நடக்கிற பள்ளி எங்கே இருக்கிறது என்று நடந்து பார்ப்பதே சரி. இதில் மூன்று இடங்களும் ஒன்றுதான்.

இரண்டாவது இடம், வரன்முறை மனை. 2017இல் வந்த விதிகளின்படி, 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் வாங்கி வரன்முறை செய்ய ஏற்பாடு வந்தது. கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் இதனால் வழி பிறக்கிறது. சட்டச் சிக்கல் தீர்கிறது, ஆனால் நிலம் திரும்பி வருவதில்லை. திறந்தவெளிக்கு இடமே விடாத மனைப்பிரிவில் அதற்கு ஈடாகப் பணம் கட்டுகிறார்கள், பூங்கா முளைப்பதில்லை. பன்னிரண்டு அடித் தெரு பன்னிரண்டு அடியாகவே இருக்கும். ஊரை ஒட்டி, பள்ளியும் பேருந்தும் பக்கத்தில் இருக்கிற பழைய மனைப்பிரிவு என்றால் இதை நான் தாராளமாகச் சொல்வேன். ஒன்று மட்டும் பார்க்கவேண்டும். மனைப்பிரிவுக்குக் கிடைத்த உத்தரவு வேறு, உங்கள் மனைக்கான வரன்முறை உத்தரவு வேறு. இரண்டும் கையில் இருக்கவேண்டும்.

மூன்றாவதை எந்த விலைக்கும் எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். (கிராம நத்தத்தில், அதாவது ஊரின் பழைய குடியிருப்பு நிலத்தில் உள்ள வீட்டுமனையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு வகை.) அவர்கள் கையில் இருக்கும் பணத்துக்கு அங்கே 1,600 சதுர அடி கிடைக்கும், டிடிசிபி மனையில் 1,200தான். தங்கைக்கு அதில் கொஞ்சம் வருத்தம். தோட்டம் போட ஆசைப்பட்டாள்.

சரி, முதல் இடத்தையே எடுப்பது என்று ஆனபின், அங்கீகார எண்ணைப் பலகையில் பார்த்ததோடு விடவில்லை. ரெரா (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண்ணை இணையதளத்தில் சரிபார்த்தோம். பூங்காவும் சாலையும் இருக்கும் சர்வே எண்களுக்கும் வில்லங்கச் சான்று போட்டோம். உள்ளாட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருந்தது. வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு போய்ப் பூங்கா இடத்தின் நான்கு மூலைக் கற்களையும் அளந்து பார்த்தோம், அளவு சரியாக இருந்தது. அந்தப் பூங்கா இடத்திலிருந்து இரண்டாவதாக உள்ள மனை இன்னும் விற்காமல் இருக்கிறது. அதற்குத்தான் முன்பணம் கொடுக்கப் போகிறார்கள்.