அமெரிக்காவில் அத்லெட்டிக் டிரெய்னிங் சீட் என்று பணம் கேட்கிறார்கள்: வடசென்னைப் பெற்றோர் கவனத்துக்கு

வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை பக்கம் ஃபுட்பால், பாக்சிங், கபடி ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளைத் தேடி ஒரு பேச்சு வருகிறது. பிளஸ் டூ முடித்த கையோடு அமெரிக்காவில் அத்லெட்டிக் டிரெய்னிங் டிகிரி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நேரடி சீட், பாதி ஃபீஸ் ஸ்காலர்ஷிப். தயவுசெய்து இதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் 2,05,000 ரூபாய் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

என் தங்கை ஸ்கூல் டீமில் ஃபுட்பால் ஆடியவள். பிளஸ் ஒன் படிக்கும்போது மேட்ச்சில் முழங்கால் திரும்பி, உள்ளே இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன், அப்புறம் மாதக்கணக்கில் பிசியோ. அதிலேயே அவளுக்கு ஆசை பிறந்தது. மைதானத்தில் அடிபட்டு விழுகிறவருக்கு முதலில் ஓடிப்போய்க் கைகொடுத்து, அவரை மறுபடி ஆட வைப்பது வரை கூட நிற்கும் வேலைதான் செய்வேன் என்றாள். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தனித் தொழில் இருக்கிறது, அதுதான் அத்லெட்டிக் டிரெய்னிங். கோச் வேலையோ ஜிம் வேலையோ இல்லை. முறைப்படி படித்துத் தேர்வு எழுதிச் செய்கிற மருத்துவத் துறை வேலை. அமெரிக்க மருத்துவச் சங்கமே 1990-ல் இதை ஒரு சுகாதாரத் தொழிலாக ஏற்றுக்கொண்டது.

இந்த ஆசையைத் தெரிந்துகொண்டுதான் அந்த கன்சல்டன்சி வந்தது. பெரம்பூர் பக்கம் மாடியில் ஏ.சி. போட்ட ஆபீஸ், சுவரெல்லாம் கொடிகள், பட்டம் வாங்கும் பிள்ளைகளின் படங்கள். தங்கையின் மாநில அளவு சான்றிதழைப் பார்த்ததுமே, "இது போதும்மா, கோட்டால உடனே சீட். ஆனா லேட் பண்ணாதீங்க, இந்த பேட்ச் ஃபுல்லாயிடும்" என்று அம்மாவிடம் சொன்னார்கள். முதலில் ரெஜிஸ்ட்ரேஷன் என்று 45,000. சில வாரத்தில் காலேஜ் லெட்டர் வந்துவிட்டது என்று காட்டி, சீட் பிளாக் செய்ய 1,60,000. ஜிபேயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகாது என்பதால் இரண்டு தவணையாக அனுப்பச் சொன்னார்கள். பணம் போனது கம்பெனி கணக்குக்கு இல்லை, ஒரு தனிநபர் நம்பருக்கு. ரசீதில் சேவைக் கட்டணம் என்று மட்டும் எழுதியிருந்தது, ஜி.எஸ்.டி. எண் கிடையாது. ஐ.சி.எஃப்.பில் வெல்டராக இருந்து ரிட்டயரான அப்பாவின் பணம் அது.

லெட்டர் உண்மையானதுதான். அங்கேதான் இந்த ஏமாற்று வேலையின் சாமர்த்தியமே இருக்கிறது. ஓர் அமெரிக்கக் கல்லூரி நிஜமாகவே தங்கைக்கு அட்மிஷன் கொடுத்திருந்தது. ஆனால் எக்சர்சைஸ் சயின்ஸ் என்ற இளங்கலைப் படிப்புக்கு. பக்கத்தில் சின்னதாக ப்ரீ-அத்லெட்டிக் டிரெய்னிங், அதாவது அதற்கு முந்தைய தயாரிப்பு, என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் சீட் கன்ஃபர்ம் என்றார்கள்.

உண்மை நிலவரம் இது. அமெரிக்காவில் அத்லெட்டிக் டிரெய்னர் ஆக வேண்டுமென்றால் சி.ஏ.ஏ.டி.இ. என்ற அமைப்பு அங்கீகரித்த படிப்பை முடித்து, பி.ஓ.சி. என்ற சான்றிதழ் தேர்வில் தேற வேண்டும். இந்தத் தொழிலுக்கான படிப்பு முதுகலையாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015-லேயே முடிவெடுத்துவிட்டார்கள். 2022-க்குப் பிறகு இளங்கலை அளவில் புதிதாக யாரையும் சேர்ப்பதே இல்லை. ஆக, பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளைக்கு அத்லெட்டிக் டிரெய்னிங் டிகிரியில் நேரடி சீட் என்று இன்று யார் சொன்னாலும் அது பொய். அப்படி ஒரு சீட்டே கிடையாது.

சில கல்லூரிகளில் மூன்று வருடம் இளங்கலை, இரண்டு வருடம் முதுகலை என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் முதல் வருடம் சேர்ந்துவிட்டால் கடைசி வரை போய்விடலாம் என்று பெரும்பாலும் உறுதி கிடையாது. பல இடங்களில் இளங்கலை நடுவில் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். மதிப்பெண் பார்ப்பார்கள், பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், பல இடங்களில் நேர்முகமும் உண்டு. மாணவர்களை மருத்துவமனையிலும் மைதானத்திலும் ஆள் வைத்துப் பழக்க வேண்டியிருப்பதால் ஒரு வகுப்பில் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள். போட்டி அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டாமல் யாரும் அத்லெட்டிக் டிரெய்னர் ஆக முடியாது. கன்சல்டன்சியில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்போர்ட்ஸ் கோட்டா கதையும் இப்படித்தான். நம் ஊரில் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடம் இருப்பதால், அமெரிக்காவிலும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கே ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் என்பது காலேஜ் டீமில் ஆடுவதற்காக, அந்த டீமின் கோச் பார்த்துக் கொடுப்பது. அத்லெட்டிக் டிரெய்னிங் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னொன்று, எங்களுக்கு லெட்டர் வந்த கல்லூரி, என்.சி.ஏ.ஏ. என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கவே கூடாது என்பது விதி. அந்தக் கல்லூரியில் பாதி ஃபீஸ் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் என்று என் அப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அத்லெட்டிக் டிரெய்னிங் விண்ணப்பத்துக்கு, அந்த வேலை செய்கிறவரோடு கூட இருந்து பார்த்த நேரக் கணக்கைப் பல கல்லூரிகள் கேட்கும். சில இடங்களில் 50 மணி நேரம், சில இடங்களில் 100. பெரும்பாலும் சான்றிதழ் பெற்ற அத்லெட்டிக் டிரெய்னர்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கன்சல்டன்சியில் தங்கையைக் கூப்பிட்டு, 100 மணி நேரம் பார்த்ததாக ஒரு தாளை நீட்டினார்கள். அவள் வாசல்படி மிதிக்காத ஒரு கிளினிக்கின் முத்திரை, யாரென்றே தெரியாத ஒருவரின் கையெழுத்து. "இங்க ஒரு சைன் போடும்மா, எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

அவள் கையெழுத்துப் போடவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் பொய்த் தாளைக் கொடுப்பவர்களுக்கு, மாட்டினால் யார் மாட்டுவார்கள் என்று நன்றாகவே தெரியும். தெரிந்தே பொய் ஆவணம் காட்டி விசா கேட்டது கண்டுபிடிக்கப்பட்டால், அமெரிக்காவுக்குள் போக ஆயுள் முழுக்கத் தடை வரலாம். அந்த ஆபீஸுக்கு ஒன்றும் ஆகாது.

அன்று இரவே அவள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு நேரடியாக மெயில் எழுதினாள். பதில் சீக்கிரமே வந்தது, மரியாதையாகவும் தெளிவாகவும். உங்களுக்குக் கிடைத்திருப்பது எக்சர்சைஸ் சயின்ஸ் அட்மிஷன்தான், பிற்பாடு முதுகலைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் பெயரில் எங்களுக்கு எந்த முன்பணமும் வரவில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டு அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "லெட்டர் வாங்கிக் கொடுத்தோமே, எங்க வேலை முடிஞ்சுது" என்கிறார்கள். அப்புறம் போனையே எடுப்பதில்லை.

யாராவது இப்படி உங்களை அணுகினால், முதலில் படிப்பின் பெயர் என்னவென்று லெட்டரில் எழுத்துக் கூட்டிப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் சி.ஏ.ஏ.டி.இ. தளத்திலேயே இருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். காலேஜுக்கான பணம் காலேஜ் கணக்குக்குத்தான் போக வேண்டும். விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தை அந்தக் கல்லூரி மட்டும்தான் கொடுக்க முடியும், எந்த ஏஜென்ட்டாலும் கொடுக்க முடியாது. ஒரு மெயில் போட்டுக் கேட்கப் பைசா செலவில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் மாணவர்களுக்கு நேரடியாகவே பதில் சொல்கின்றன.

தங்கை இங்கேயே பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். பட்டம் வாங்கிய பிறகு, தேவையான பாடங்கள் இருந்தால் முதுகலைக்கு அவளே நேராக விண்ணப்பிக்கலாம். பல கல்லூரிகளுக்கு ஏ.டி.கேஸ் என்ற பொது இணைய விண்ணப்பம் இருக்கிறது, நடுவில் ஆள் தேவையில்லை.

நாங்கள் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் வாட்ஸ்அப் பேச்சையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அழித்துவிடாதீர்கள். ரசீது கொடுக்கவில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். எந்தக் கணக்கிலிருந்து பணம் அனுப்பினீர்களோ, அந்த உங்கள் வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டைக் கிளையில் கேட்டு முத்திரையோடு வாங்கி வையுங்கள், எங்கள் மனுவோடு அதைத்தான் இணைத்திருக்கிறோம்.