ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள்: லாயத்தில் நான்கு வருட அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் லாயம். கத்தியவாரி இனத்தில் ஒரு பெண் குதிரை, அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய ஒரு மட்டக்குதிரை, இரண்டுதான். சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்துப் பெரியதற்குப் பின்னங்கால் மூட்டில் புண் வந்தது. அப்புறம் படுக்கவே மறுத்துவிட்டது. குதிரை நின்றபடி தூங்கும் என்பது பாதிதான் சரி. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் ரப்பர் மேட் போட்டோம். அந்த வாரமே ஒரு காலையில், மேட் மேல் பரப்பியிருந்த தென்னை நார்த்தூள் அதன் விலாவில் ஒட்டியிருந்தது. படுத்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அறை 12க்கு 12 அடி. 4க்கு 6 அடி மேட் ஆறு போட்டால் வெட்டாமல் சரியாக உட்காரும். முக்கால் அங்குல கனத்தில் ஒன்று சுமார் 45 கிலோ வரும். மட்டக்குதிரைதானே என்று அதன் அறைக்கு மாட்டுக்குப் போடும் மெல்லிய மேட் வாங்கினோம். ஆறே மாதத்தில் ஓரம் சுருண்டு கால் தடுக்க ஆரம்பித்தது, மாற்றிவிட்டோம்.

ஆரம்பத்தில் தினமும் ஹோஸ் பிடித்துக் கழுவினேன். மேலே பார்க்கப் பளிச்சென்று இருந்தது. நான்காம் மாதம் குளம்பைப் பார்க்கக் குனிந்து உட்கார்ந்தபோது கண் எரிந்தது. மேட்டைத் தூக்கினால் அடியில் கறுப்புச் சேறு. குதிரை ஒரு நாளைக்குப் பல லிட்டர் சிறுநீர் கழிக்கிறது. நான் கழுவிய தண்ணீர் அதையும் சேர்த்து இடுக்கு வழியே அடியில் தள்ளியிருக்கிறது. அங்கே அது அம்மோனியாவாக மாறுகிறது. நின்றுகொண்டிருக்கும் நமக்கு அவ்வளவாகத் தெரியாது, படுத்திருக்கும் குதிரையின் மூக்கு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குளம்பின் அடியில் உள்ள முக்கோணப் பகுதியும் அழுகி நாற்றமெடுத்திருந்தது. கால்நடை மருத்துவர் மருந்து எழுதிவிட்டு, தரை காயாவிட்டால் இது திரும்பத் திரும்ப வரும் என்றார்.

இப்போது தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே கிடையாது. காலையில் லத்தியை அள்ளி, நனைந்த நார்த்தூளைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காயவிடுகிறோம். வாரம் ஒருமுறை குதிரைகள் மேயப் போன நேரத்தில் லேசான சோப்புத் தண்ணீர், பிரஷ். நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதிய தூள். ஆடி, ஆவணி மழையில் எதுவும் காயாது, அந்த நாட்களில் கழுவுவதை விட்டுவிடுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பேர் சேர்ந்து எல்லா மேட்டையும் தூக்கித் தென்னை மரத்தில் சாய்த்து வெயில் காட்டுகிறோம். தரையில் வயலுக்குப் போடும் சுண்ணாம்புக்கல் தூள் தூவுவோம். சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், குளம்பையும் தோலையும் அரித்துவிடும்.

பிளீச்சிங் பவுடரைத் தயவுசெய்து தொடாதீர்கள். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் அது நச்சு வாயுவைக் கிளப்பும். குதிரைக்கு மட்டுமல்ல, கழுவுகிற ஆளுக்கும் ஆபத்து. எண்ணெய்ப் பசையுள்ள பினாயிலும் வேண்டாம். மேட்டில் படிந்து வழுக்கும், லாடம் அடித்த கால் அதில் நிற்காது.

மேட் சிறுநீரை உறிஞ்சாது என்பதால் மேலே தூள் கட்டாயம் வேண்டும். நாங்கள் மூன்று அங்குலம் போடுகிறோம், தூசி பறந்தால் லேசாகத் தண்ணீர் தெளிப்போம். வாசல் பக்க மேட்தான் சீக்கிரம் வழவழப்பாகிறது. எல்லாம் ஒரே அளவு என்பதால், தூக்கும்போது அதை மூலைக்கு மாற்றிவிடுகிறோம்.

மூட்டுப் புண் ஆறி முடி முளைத்துவிட்டது. தண்ணீர் வடியத் தரைக்கு வாட்டம் (சரிவு) இல்லாததுதான் மிச்சமிருக்கும் குறை. மேட் வாங்கும் முன்பே கொத்தனாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வருகிற கோடையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பின்சுவரிலிருந்து வாசல் வரை இரண்டு அங்குலம் வாட்டம் விட்டுப் பூசப்போகிறோம்.