வீட்டிலேயே முன்கண்ணாடி பொலிஷ்: இரண்டு மாரிகளுக்குப் பின்

மனைவியின் தம்பி கல்முனையிலிருந்து அனுப்பிய குரல்செய்தி இவ்வளவுதான்: "மச்சான், அந்தக் கண்ணாடி தேய்க்கிற தூள் மிச்சம் இருக்கா? என்ட வாகன் ஆர் காருக்கும் போட்டுப் பாப்பமா?" மழை இரவொன்றில், எதிரே வந்த பஸ்ஸின் ஹை பீம் வெளிச்சத்தில் பாதை தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த மறுநாள் அந்தக் கேள்வி வந்ததால், "வேண்டாம்" என்ற சொல்தான் முதலில் வாயில் வந்தது. ஆனால் அது அந்தத் தூளுக்கு நியாயமான மறுமொழியாகாது. அந்தத் தூளான சீரியம் ஒக்சைட்டை எங்கே வாங்குவது, எந்தக் கடையில் மலிவு என்பவற்றைப் பலரும் சொல்லிவிட்டார்கள்; தேய்த்து முடித்து இரண்டு மாரி கடந்தபின் அந்தக் கண்ணாடி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கண்ணாடி மங்கல் எல்லோருக்கும் ஒரே அளவு தொல்லை தருவதில்லை. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் குடியிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு வேலைக்குப் போகிறவருக்குக் காலையிலும் மாலையிலும் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீடும் மட்டக்களப்பு நகரில் அலுவலகமும் உள்ள எனக்கோ போகும்போதும் சூரியன் முகத்தில், வரும்போதும் முகத்தில். 2014 இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் பயணம் எவ்வளவோ சுருங்கிவிட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் பாலத்தில் ஏறியதும் மரநிழல் ஒன்றும் இல்லாமல், மேலிருந்து வரும் வெயிலும் வாவி நீர் திருப்பி எறியும் வெயிலும் ஒன்றாக மங்கிய கண்ணாடியில் விழும்போது, பிரதான வீதியில் வடக்கே திரும்பும் வரை எதிரே வருவது மாட்டு வண்டிலா மோட்டார் சைக்கிளா என்று ஊகித்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

எனது அக்சியோ காரின் கண்ணாடியில் இருந்தது ஒரு மங்கல் அல்ல, பல மங்கல்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கிரவல் வீதிகளிலிருந்து எழும் புழுதி கண்ணாடியில் ஒட்டுகிறது; அதிலுள்ள குவாட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, கண்ணாடியினதோ ஏறத்தாழ 5.5, ஆகவே உலர்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடினால் வில் வடிவான மெல்லிய கீறல்கள் விழுந்தே தீரும். கதிர் முற்றும் காலத்தில் இரவில் விளக்கு வெளிச்சத்தை நாடிவரும் வயற்பூச்சிகள் கண்ணாடியில் அப்பிக்கொள்வதால் வைப்பரைப் போடாமலும் இருக்க முடியாது. கிணற்றுத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்ட இடங்களில் சுண்ணாம்புப் புள்ளிகள் வேறு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சாரதி ஆசனத்துக்கு நேரே ஒரு சாண் நீளத்தில் ஆழமான கோடு ஒன்று. வாகனம் கழுவக் கொடுத்த ஓரிடத்தில், மணல் ஒட்டிய துணியால் ஈரமில்லாத கண்ணாடியை அழுத்தித் துடைத்த பையனின் கைவேலை அது. கேட்டபோது, அந்தக் கோடு முன்பே இருந்தது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

சுண்ணாம்புப் புள்ளிகளில் பெரும்பாலானவை வினாகிரிக்கே கரைந்துவிட்டன. பற்பசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். முகப்பு விளக்கின் பிளாஸ்டிக்கில் அது ஏதாவது செய்யலாம், கண்ணாடியில் வாசனையைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. கண்ணாடியின் உட்பக்கத்தில் படியும் எண்ணெய்ப் படலம், வெயிலில் சூடேறிய டாஷ்போர்டின் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகி வந்து ஒட்டுவது. அதற்கு அல்கஹோல் தோய்த்த துணி போதும். வெளிப்பக்கத்தில் கைவைப்பதற்கு முன் அந்தப் படலத்தை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் அழுக்கை வெளியே இருக்கும் கீறல் என்று எண்ணித் தேய்த்துக்கொண்டிருப்போம்.

இனித் தேய்ப்பு. சீரியம் ஒக்சைட்டு மணற்தாளைப் போலக் கண்ணாடியை அறுப்பதில்லை. நீர் பட்ட மேற்பரப்பிலுள்ள சிலிக்காவுடன் இரசாயன முறையில் பிணைந்து, அதை மிக நுண்ணிய அளவில் பெயர்த்துக்கொண்டு போகிறது. அதனால்தான் தண்ணீர் குறைந்தால் வேலை நின்றுவிடுகிறது, சூடு மட்டும் ஏறுகிறது. போர்ட்டிகோ நிழலில் வாகனத்தை நிறுத்தி, பொனற்றையும் வைப்பருக்குக் கீழுள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கையும் பத்திரிகைத் தாளால் மூடி ரேப் ஒட்டி, கீறல்கள் இருக்கும் இடத்தை உட்பக்கத்திலிருந்து மார்க்கர் பேனையால் வட்டமிட்டுக்கொண்டேன். வெளியே குழம்பு பூசியபின் கீறல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது, அந்த வட்டம்தான் வழிகாட்டி. மோருக்கும் தயிருக்கும் இடைப்பட்ட பதத்தில் கரைத்த இளஞ்சிவப்புக் குழம்பை, ட்ரில்லில் பொருத்திய மூன்று அங்குல ஃபெல்ட் வட்டில் தோய்த்து, நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கீழே வைத்து, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். குழம்பு ஈரமாக இருக்கும்வரை வட்டிலிருந்து மெல்லிய முனகல் மட்டும் வரும்; காயத் தொடங்கியதும் அது கீச்சிடும், அப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்து, இளஞ்சூட்டுக்கு மேல் போனால் நிறுத்திவிட வேண்டும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் அவற்றுக்கிடையே ஒட்டிய பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளித்தகடு வெடிக்கலாம், ஏற்கெனவே கல்லடி பட்ட நட்சத்திரத் தெறிப்பு ஒன்று இருந்தால் அங்கே வட்டையே வைக்கக்கூடாது. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அரை மணி நேரம் பிடித்தது. மணிக்கட்டு வலியைப் பற்றி எந்தப் பொட்டலத்திலும் அச்சடிப்பதில்லை.

குழம்பைக் கழுவித் துடைத்ததும் தெரிந்த மாற்றத்தை எந்தக் கோபத்திலும் மறுக்க மாட்டேன். வில் வடிவக் கீறல்கள் முற்றாகப் போய்விட்டன. மறுநாள் காலை மண்முனைப் பாலத்தில் ஏறியபோது சூரியன் அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் அதைச் சுற்றிக் கண்ணாடி முழுவதும் பரவும் வெள்ளை வெளிச்சம் இல்லை. வாவியில் வீச்சுவலையோடு தோணியில் நின்றவரின் கைகூடத் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவு இன்றும் குறையவில்லை. இது மேலே பூசுகிற மெழுகல்ல, தேய்ந்து போவதற்கு ஒன்றுமில்லை. வைப்பர் றப்பரை நேரத்துக்கு மாற்றி, புழுதி இருந்தால் முதலில் தண்ணீர் அடித்துவிட்டு வைப்பரைப் போடுகிறேன், அவ்வளவுதான். மழைநீர் கூடக் கண்ணாடியில் முன்பைவிடச் சீராக வழிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்த ஒரு சாண் கோடு. நகம் தடக்கும் கீறலைத் தேய்த்து எடுப்பதென்றால், கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கண்ணாடியை இறக்க வேண்டும். இறக்கினால் அங்கே ஒரு பள்ளம் விழும், கண்ணாடியில் விழுந்த பள்ளம் வில்லையாக (லென்ஸாக) வேலை செய்யும். எனக்கு இது தெரிந்துதான், கோட்டோடு நிற்காமல் இரு பக்கமும் அகலமாக விரித்துத் தேய்த்தேன். பொட்டலத்தில் "எல்லாக் கீறல்களும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தவர்கள் அந்த அளவுக்குக்கூட எச்சரிக்கவில்லை. விளைவு, கோடு மங்கியதே தவிர மறையவில்லை, மேலதிகமாக ஓர் அலையும் வந்து சேர்ந்தது. பார்வை சாய்ந்த கண்ணாடியைச் சரிவாக ஊடுருவுவதால் அந்த அலை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடி என்ற இடத்தில் புதிய பாலத்தால் போகும்போது பக்கத்தில் நிற்கும் 1924 ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்தால், அதன் நேரான சட்டங்கள் அந்த இடம் வரும்போது ஒவ்வொன்றாக நெளிந்து நிமிர்கின்றன. மற்றவர்கள் கண்ணுக்கு அது படுவதில்லை, மனைவிக்குக் காட்டினேன், "எங்கே?" என்றார். எனக்கோ அதைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. பகலில் பொறுத்துக்கொள்ளலாம். இரவு மழையில் எதிர் வாகனத்தின் விளக்கு அந்த அலைக்குள் புகும்போது ஒரு விளக்கு இரண்டாகிறது, வெள்ளைக்கோடு எந்தப் பக்கம் என்று தடுமாற வைக்கிறது.

பிரித்தானியாவின் வருடாந்த வாகனப் பரிசோதனையில், சுக்கானுக்கு நேரேயுள்ள 290 மில்லிமீற்றர் அகலப் பட்டைக்குள் 10 மில்லிமீற்றரைவிடப் பெரிய சேதம் இருந்தால் வாகனம் தேறாது. வைப்பர் ஓடும் ஏனைய இடங்களில் 40 மில்லிமீற்றர் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். நமது காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் போதும் என்பதால், சாரதியின் கண்ணுக்கு நேரே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அந்த 290 மில்லிமீற்றருக்குள்தான் என் அலை இருக்கிறது.

அப்படியானால் கண்ணாடியை மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் திறக்கப்படும்வரை, கையிலுள்ள பழைய வாகனத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டிய காலம் அது. உதிரிப்பாகம் என்றாலே விலை கேட்கப் பயமாக இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய கண்ணாடியைப் பெயர்ப்பதும் சிறிய வேலையல்ல. பசை சரியாகப் பிடிக்காவிட்டால் மழைநீர் உள்ளே வரும், விபத்தில் பயணிப் பக்கத்து எயார்பேக் விரியும்போது சாய்ந்துகொள்வதும் அந்தக் கண்ணாடியில்தான்.

இவ்வளவு நன்மை சொன்ன பிறகு, தீர்ப்பு என்னவென்றால், தூளை வாங்காதீர்கள் என்பதே. நேற்றைக்கு முந்தைய இரவு மழை பெய்யாதிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ, இன்றைக்கு என் மறுமொழி இதுதான். மச்சானின் வாகன் ஆருக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: சாரதிப் பக்கத்தில் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்கட்டும், எங்கேயாவது தடக்கினால் நேரே கண்ணாடிக் கடைக்குப் போய் விலை கேட்கட்டும், தடக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து மிச்சத் தூளை எடுத்துக்கொண்டு போகட்டும். ட்ரில்லை மட்டும் அவரே எங்காவது தேடிக்கொள்ள வேண்டும், என்னுடையதன் முனையைக் கவ்வும் சக்குக்குள் போன தூள் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.