2எஸ் பேட்டரியா, 3எஸ் பேட்டரியா?

ரிமோட்டில் ஓடும் மாடல் காருக்கு, அதன் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் கேவி எண்ணைப் பார்க்காமல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வாங்காதீர்கள். சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அந்த எண்.

என் 1:10 அளவு காரில் இருப்பது 3300 கேவி. இரண்டு செல் கொண்ட 2எஸ் 7.4 வோல்ட் தரும். சுமார் 24,400 சுற்று. மூன்று செல் கொண்ட 3எஸ் என்றால் 11.1 வோல்ட், 36,600 சுற்று. 2எஸ்ஸில் பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் மோட்டார் மீது விரலை வைத்திருக்க முடிந்தது. மோட்டார் அச்சில் இருக்கும் சிறிய பல்சக்கரமான பினியனை மாற்றாமல் 3எஸ் பொருத்திய அன்று, நான்காவது நிமிடத்திலேயே சூடு தாங்காமல் விரலை எடுத்துவிட்டேன். பல் எண்ணிக்கை குறைந்த பினியனைப் போட்ட பிறகுதான் சூடு அடங்கியது.

இதனால் 3எஸ் மோசம் என்று ஆகிவிடாது. அதோடு 2200 கேவி மோட்டாரைச் சேர்த்துப் பாருங்கள்: அதே 24,400 சுற்றுதான் வரும். ஆனால் அதே திறனுக்கு மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும். கம்பியும் இணைப்பியும் அவ்வளவு சூடாகாது. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது. ஆனால் ஒரு செல் கூடுவதால் எடை கூடுதல், விலையும் அதிகம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 3எஸ்ஸைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

புதிதாக ஓட்டும் பிள்ளைக்கு 2எஸ்ஸையே கொடுப்பேன். எதுவானாலும், உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.