செட்டிநாட்டு வீட்டுக்கு முன்பணம் அனுப்புமுன் "இது யார் பங்கு?" என்று கேளுங்கள்

போன டிசம்பர் கடைசி வாரம், செட்டிநாட்டில் ஒரே ஒரு ராத்திரி தங்குவதற்கு 24,000 ரூபாய் கொடுத்தோம். மூன்று ராத்திரிக்கென்று பேசிய வீடு. இரண்டாம் நாள் மத்தியானம் ஒன்பது பேரும் பெட்டி படுக்கையோடு தெருவில் நின்றோம். எங்களை வெளியே போகச் சொன்னவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அது அவர் வீடு.

நாங்கள் கோவையில் இருக்கிறோம். அம்மா சின்ன வயதில் பத்து வருஷம் காரைக்குடியில் வளர்ந்தவர். தாத்தாவுக்கு அங்கே பேங்க் வேலை. கொப்புடையம்மன் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். தம்பி சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறான் என்றதும், எல்லோருமாகப் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, நாட்டரசன்கோட்டை போய்வரலாம் என்று முடிவாயிற்று. லாட்ஜில் நாலு ரூம் போடுவதைவிடப் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை முழுசாக எடுத்தால் பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கும் என்றவன் நான்தான். வீட்டில் இன்றுவரை அதை ஞாபகப்படுத்துகிறார்கள்.

வீடு வாடகைக்குப் பிடிக்கும் ஒரு செயலியில் தேடினேன். படங்கள் கண்ணைப் பறித்தன. வளவைச் (வீட்டின் நடு முற்றம்) சுற்றி வழுவழுவென்று பர்மா தேக்குத் தூண்கள், பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஊஞ்சல், நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடி போட்ட ஜன்னல். "காரைக்குடி நகரின் மையத்தில்" என்று எழுதியிருந்தது. நாளுக்கு 12,000. பதிவு செய்ததும் மேனேஜர் என்று ஒருவருடைய நம்பர் வந்தது. நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார்.

"அண்ணே, ஆப்புல போட்டா கமிஷன் அவனுக்குத்தான் போகுது. கேன்சல் பண்ணிருங்க, இன்னும் நாள் இருக்கு, காசு பிடிக்க மாட்டான். நேரா நம்மகிட்ட வாங்க, ஒம்பதாயிரத்து ஐந்நூறுக்குத் தர்றேன்."

மூன்று நாளைக்கு 7,500 மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. கேன்சல் செய்தேன். இரண்டு நாள் வாடகை 19,000, ஏதாவது உடைந்தால் பிடித்துக்கொள்ள 5,000, ஆக 24,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். "ரிசீவ்டு அண்ணே" என்று வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது. ரசீது என்று என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

அப்போதே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். தம்பி குடும்பம் சிங்கப்பூர் பாஸ்போர்ட். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களைத் தங்கவைத்தால், அந்த விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவித்தாக வேண்டும். சின்ன ஹோம்ஸ்டேயாக இருந்தாலும் இதே விதிதான். ஒழுங்காக நடத்துகிறவர்கள் முதல் போனிலேயே பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். இந்த மேனேஜரிடம் "சிங்கப்பூரிலிருந்து நாலு பேர்" என்று நானாகச் சொன்னபோதுகூட "வரட்டும் அண்ணே, சந்தோஷம்" என்றார். எவ்வளவு சுலபமான மனிதர் என்று அதை மெச்சிக்கொண்டேன்.

திண்டுக்கல், நத்தம், திருப்பத்தூர் வழியாக வேனில் போய்ச் சேர்ந்தபோது இரவு ஏழரை. வரைபடம் காட்டிய இடம் காரைக்குடிக் கடைத்தெரு. அங்கே வீடு எதுவும் இல்லை. போன் செய்தால், "அங்கேயே நில்லுங்க, பைக்ல வர்றேன்." வந்தார். பின்னாலேயே போனோம். ஊர் தாண்டியது. கடைகள் தாண்டின. அப்புறம் இருட்டுதான். பதினெட்டு கிலோமீட்டர் என்று வேன் டிரைவர் மீட்டரைப் பார்த்துச் சொன்னார்.

செட்டிநாடு என்பது ஒரு ஊர் இல்லை. காரைக்குடியைச் சுற்றி, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிற எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. இரவு பத்து மணிக்கும் அங்கே இட்லி கிடைக்கும். சுற்றியுள்ள ஊர்களில் பல தெருக்களில் பத்து வீட்டுக்கு ஒன்பது பூட்டித்தான் இருக்கும். பகலில் அந்த அகலமான தெருவும் கோட்டை மாதிரி மதில்களும் பார்க்க அழகு. ராத்திரி எட்டு மணிக்குப் பசித்த பிள்ளைகளோடு போய் இறங்கினால் தெருவில் நாய்களும் நாமும்தான். அந்த ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஊர்க்காரர்கள் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

வீட்டின் முகப்பைப் பார்த்ததுமே அம்மா, "நிலை எங்கேடா?" என்றார். செட்டிநாட்டு வீட்டின் பெருமையே அந்த வேலைப்பாடு செய்த வாசல் நிலைதான். அது இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசி, ஒரு இரும்புக் கதவு மாட்டியிருந்தது. பெயர்த்து விற்றுவிட்டார்கள் போல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட நிலைகளும் தூண்களும் விற்பனைக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனால் தூண்கள் கருங்கல். படத்தில் இருந்தது தேக்கு! கேட்டேன். "அது மேல் மாடி அண்ணே, பூட்டியிருக்கு" என்றார். ஊஞ்சலும் மேல் மாடிதானாம்.

முழு வீடு என்பதும் பொய். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். எங்களுக்குத் திறந்துவிட்டது இரண்டு. மற்ற ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கம்பெனிப் பூட்டு. பூட்டுகள் ஒவ்வொரு தினுசாக இருந்தால் சாவிகளும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

ஆனால் அந்த ராத்திரியின் பெரிய கொடுமை கழிப்பறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படங்களைப் பார்த்து யாருக்கும் இது தோன்றாது. இந்த வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளமாகப் போகும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, அதற்கும் பின்னால் தோட்டம். அந்தக் காலத்தில் கழிப்பறையைக் கடைசியில்தான் வைத்தார்கள். நல்லபடியாகப் புதுப்பித்த வீடுகளில் அறைக்குள்ளேயே குளியலறை கட்டியிருப்பார்கள். இங்கே ஒன்பது பேருக்கும் சேர்த்துப் பின்கட்டில் ஒரே ஒரு இந்தியன் டாய்லெட். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அறையிலிருந்து அங்கே போக ஏழு நிலைப்படி தாண்ட வேண்டும், எண்ணினேன். ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் திறந்த முற்றம், மார்கழிப் பனி, இருபது வாட் பல்பு, வௌவால். இரண்டு முறை கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். மூன்றாவது முறை, "வேண்டாம்டா, தண்ணியே குடிக்காம இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் எதிர்வீட்டு ஆச்சி கோலம் போட வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தப் புள்ளி? தையில கல்யாணம்னாகளே, அதுக்கா வந்திருக்கீக?" என்று கேட்டார். புள்ளி என்றால் அங்கே குடும்பம். வாடகைக்கு வந்திருக்கிறோம் என்றேன். கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். யாருக்குப் போன் போட்டார் என்பது மத்தியானம் தெரிந்தது.

பிள்ளையார்பட்டி போய்த் திரும்பி வந்தால் வாசலில் ஒரு கார். சென்னையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், கூடவே பெயின்ட் அடிக்கிற மேஸ்திரி. மகளுக்குத் தையில் கல்யாணம், அதற்குமுன் வெள்ளையடிக்க வேண்டும் என்று எப்படியும் அந்த வாரம் வருவதாக இருந்தாராம். ஆச்சி போன் செய்ததும் அன்றைக்கே கிளம்பி, திருச்சியில்கூட நிற்காமல் வந்திருக்கிறார்.

"வாடகையா? இந்த வீட்டுக்கா?" என்றார். சத்தம் போடவில்லை. "தம்பி, இதுல பதினாலு பங்கு இருக்கு. பதினாலு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் கூரையில ஒரு ஓடு மாத்த முடியும். உங்களுக்கு விட்டவன் வாட்ச்மேனோட மருமகன். சாவியைத் திருப்பிக் கொடுத்திருன்னு சொல்லி மூணு மாசமாச்சு."

இதுதான் விஷயம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் இப்படித்தான், தாத்தா கட்டியது பேரன்களுக்கும் கொள்ளுப்பேரன்களுக்கும் பங்காகப் பிரிந்து கிடக்கிறது. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் அமெரிக்காவில். வீடு பூட்டியிருக்கும், சாவி ஒரு வாட்ச்மேனிடம் இருக்கும். ஒரு பங்காளியே ஆசைப்பட்டு வாடகைக்கு விட்டாலும் இன்னொருவர் வந்து ஏன் என்று கேட்கலாம். இங்கே பங்காளிகூட இல்லை. பெரியவர் என் அம்மாவுக்கு நாற்காலி போட்டு, எல்லோருக்கும் காப்பி வரவழைத்துக் கொடுத்து, "சாப்பிட்டுட்டே போங்க, ஆனா ராத்திரி தங்க விட முடியாது" என்றார். நான் அவர் இடத்தில் இருந்தால் அந்தக் காப்பியைக் கொடுத்திருப்பேனா என்று தெரியவில்லை.

மேனேஜர் (இதுவரை அவர், இனிமேல் அவன்) போனை அணைத்துவிட்டான். சாயங்காலம் வேறு நம்பரிலிருந்து ஒரு செய்தி: "ரீஃபண்ட் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க." தம்பி ஸ்கேன் செய்தே விட்டான். அவன் மனைவி போனைப் பிடுங்கினாள். பணம் வாங்குவதற்கு யாரும் பின் போட வேண்டியதில்லை, பின் கேட்டால் அது நம் கணக்கிலிருந்து போகிற பணம். இன்னும் ஒரு பத்தாயிரம் போயிருக்கும்.

செயலிக்காரர்களிடம் புகார் சொன்னேன். "உங்கள் பெயரில் நடப்பில் பதிவு எதுவும் இல்லை" என்றார்கள். கேன்சல் செய்தது நானேதான், என்ன பதில் சொல்வது? 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் பில்லோ ரசீதோ இல்லாமல், யாரென்றே தெரியாத ஒருவன் மேல் எதைக் காட்டிப் போடுவது? இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு அன்றைக்கே கூப்பிட்டுப் பதிந்தேன். அந்தப் பெரியவரும் கூட வந்து போலீஸ் ஸ்டேஷனில் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்கினோம். மூன்று வாரம் கழித்து வாட்ச்மேன் 8,000 ரூபாய் அனுப்பினார். பாவம், அது அவருடைய சொந்தப் பணம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மிச்ச இரண்டு ராத்திரியும் காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சாதாரண லாட்ஜில் தங்கினோம். லிஃப்ட் இருந்தது, வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது. அம்மாவுக்கு அந்தப் பயணத்தில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

செட்டிநாட்டு வீட்டில் தங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கானாடுகாத்தான் பக்கமெல்லாம் முறையாகப் புதுப்பித்து நன்றாக நடத்துகிற வீடுகள் இருக்கின்றன, வாடகை கூடுதல்தான். பணம் அனுப்புவதற்கு முன், இப்போதே முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடந்து வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். நேற்று எடுத்த வீடியோவை அனுப்புகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். தூண் கல்லா மரமா என்று படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கட்டில் படுக்கை, எந்தக் கட்டில் கழிப்பறை, எத்தனை அறை பூட்டியிருக்கும் என்று வாயைத் திறந்து கேளுங்கள். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பங்கு, யார் பெயரில் விடுகிறார்கள் என்று கேட்டால் உண்மையான வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அரை மணி நேரம் குடும்பக் கதையே சொல்வார்.

போன வாரம் சும்மா அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். வீட்டுக்கு வேறு பெயர், மேனேஜருக்கும் வேறு பெயர், வாடகை 11,000. மூன்றாவது படத்தில் அதே ஊஞ்சல், பின்னால் நீலமும் மஞ்சளுமாக அதே ஜன்னல். அதைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.